மேலே பதினெட்டு வரி, கீழே ஆறு

7.3.94 திங்கள்

இந்தக் கொப்பியின் முன்பக்கம் இவருடையது. பலெர்மோத் துறைமுகக் கப்பல் கந்தோர் வேலைக்கு எழுதி வைத்தது. பின்பக்கம் வெறுமையாய்க் கிடந்தது. அதில் நான் எழுதுகிறேன்.

இவருடைய முப்பத்தொண்டுச் சடங்கு முடிந்து பதினேழு நாள். இன்றைக்கு வேலைக்குத் திரும்பிப் போனேன். போர்கோ வெக்கியோச் சந்தைக்குள்ளால்தான் போனேன், இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த தக்காளிக் கடைக்கு முன்னால். சந்திரமதி மச்சாள் சுத்திப் போ என்றவ. ஏன் சுத்திப் போகவேணும்? நான் என்ன களவெடுத்தனானோ?

இவருடைய கதிரையில் ஃப்ரான்செஸ்கோ இருக்கிறான். தொத்தோரேயின் தங்கச்சி மகன். தொத்தோரே என்றால் கந்தோர் முதலாளி. கீழே துடைக்கவேணும், காலைத் தூக்குங்கோ என்றேன். தூக்கவில்லை. இரண்டு காலையும் சுத்தித் துடைத்தேன்.

8.3.94

பெண்கள் நாளாம். தொத்தோரே எல்லாருக்கும் மஞ்சள் பூ குடுத்தார். மேல்மாடி துடைக்கிற ழாக்லின் தலையில் செருகினாள். நான் வாளிப் பிடியில் செருகினேன்.

12.3.94 சனி

இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோக் கடுதாசி புதுப்பிக்க இவருடைய வேலைக் கடிதம் கேட்டிருந்தேன். தந்தார்கள். ழாக்லின் வாசித்துச் சொன்னாள்: ஏழு வருசம் துப்புரவு வேலை, நேர்மையானவர்.

ஏழு வருசமோ? மூன்று வருசம்தான் துடைத்தவர். பிறகு அந்த மெசினில் இருந்த கிழவன் நின்றுவிட, நாலு வருசம் இவர்தானே இருந்தவர். துடைக்கிற தடியை நான் வாங்கினேன், கதிரையை இவர் வாங்கினார். சம்பளக் கடுதாசியில் மட்டும் மாற்றவில்லை. பிறகு பார்ப்பம், பிறகு பார்ப்பம் என்றே இருந்தார்கள்.

மெசின் என்றால் முழு மெசின் இஞ்சை இல்லை. அது ஜெனோவாவில், ஒரு அறை நிறைய இருக்காம். இஞ்சை இருக்கிறது ஒரு ஸ்கிரீனும் கீபோர்டும். படம் ஒன்றும் வராது, பச்சை எழுத்து மட்டும். இருபத்துநாலு வரி. இவர் அதை இரண்டு யன்னலாய்ப் பிரித்து வைத்திருந்தார். மேல் யன்னல் பதினெட்டு வரி, எந்தக் கப்பல் எந்த மேடைக்கு வருகுது என்று. கீழ் யன்னல் ஆறு வரி, ஜெனோவாவிலிருந்து வருகிற செய்தி. மேலே வேலை செய்துகொண்டே கீழே ஒரு கண். சனிக்கிழமைகளில் என்னைப் பக்கத்தில் இருத்தி, "அமத்திப் பார் பூசணி, கடியாது" என்பார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இங்கிலிஸ் எழுத்து வாசிக்க வராது, உருவம் பார்த்து அமத்துவேன். முப்பது நாற்பது சனிக்கிழமை. யன்னலைப் பெருப்பிக்க, சின்னனாக்க, ஒன்றுக்குமேல் ஒன்று ஏறாமல் வைக்க, எல்லாம் கைக்கு வந்தது.

ஃப்ரான்செஸ்கோ முழு ஸ்கிரீனையும் கப்பலுக்கே வைத்திருக்கிறான். அப்ப ஜெனோவா சொல்லுறது எங்கை வருகுது?

16.3.94

தொத்தோரேயிடம் கேட்டுவிட்டேன். அந்தக் கதிரையை எனக்குத் தாங்கோ என்று. வாளியோடுதான் நின்றேன்.

சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, குழந்தை விமானம் ஓட்டக் கேட்டால் சிரிக்கிற மாதிரி. "சிஞோரா, உன்ர மனுசன் துடைக்க வந்தவர். இடைக்கிடை உதவி செய்தவர், அவ்வளவுதான்" என்றார்.

இடைக்கிடை. நாலு வருசம் இடைக்கிடை!

17.3.94

மச்சாள் கால்சாப் பக்கத்து வீட்டிலிருந்து வந்தா. கதிரை கேட்டதை யாரோ சொல்லிப்போட்டினம். "தாலி கழட்டி ரெண்டு மாசமாகேல்லை, அண்ணையின்ர கதிரை கேக்குதோ உனக்கு? சனம் காலமை வேலைக்கு வந்து உன்ர முகத்திலயோ முழிக்கிறது?"

"துடைக்கேக்கையும் இந்த முகம்தானே மச்சாள்" என்றேன். தேத்தண்ணி குடிக்காமலே போனா.

23.3.94 புதன்

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபிறகு கதிரையில் இருந்தேன்.

தொடக்கத்திலேயே ஆர் நீ என்று கேட்கும். எட்டு எழுத்துப் பேர் குடுக்கவேணும். இவர் இருக்கும்போது இவர்தான் அமத்தி உள்ளே விடுவார். பிறகுதான் நான். இன்றைக்கு நானே அமத்தவேணும். பத்தொன்பது வருசம் இவருடைய பேரைச் சொன்னதில்லை. கூப்பிட்டால் "இஞ்சேருங்கோ". ஆஸ்பத்திரியில் நேர்ஸ் பேர் கேட்டபோதும் கடுதாசியைத்தான் நீட்டினேன். வாயால் சொன்னால்தானே பிழை, விரலால்? — தெரியேல்லை. ஐயரைக் கேட்க இஞ்சை ஐயரும் இல்லை.

கொப்பியைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாய் அமத்தினேன். MAHENDRA. 

திறந்தது. இவருடைய யன்னல் இரண்டும் அப்படியே. மேலே பதினெட்டு, கீழே ஆறு. ஆறு வரியும் நிரம்பி, இன்னும் கிடக்கு என்று மூலையில் மினுங்குது.

பதினொரு செய்தி. எல்லாம் இவருடைய பேருக்கு. இவர் செத்ததை ஜெனோவாவுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை! எப்படிச் சொல்லுவினம்? துடைக்கிறவன் செத்ததை ஜெனோவாவுக்கு ஏன் சொல்லவேணும்? அங்கையோ, இவர்தான் பலெர்மோக் கந்தோர் என்று இருக்கினம். கடைசியாய் வந்ததைக் கடுதாசியில் பார்த்து எழுதினேன். மேல்மாடியில் ழாக்லின் வாசித்தாள். நாளைக் காலமைக் கப்பல் இரண்டாம் மேடைக்கு வராதாம், ஐந்தாம் மேடைக்காம். அதற்குமேல் இன்னொரு வரி: மகேந்திரா, ஏன் பதில் இல்லை, சுகமோ?

கடுதாசியை ஃப்ரான்செஸ்கோவின் மேசையில் வைத்தேன். மூன்று மணிக்கு வந்தான். பார்த்தான். "இது ஆர் கிறுக்கினது?" என்று என்னுடைய குப்பைப் பைக்குள்ளேயே போட்டான்.

24.3.94

ஆறு லொறி தோடம்பழம். மத்தியானம் வரைக்கும் இரண்டாம் மேடையில், வெயிலுக்குள். கப்பல் ஐந்தில் ஏற்றி முடித்துப் போய்விட்டது.

25.3.94 வெள்ளி

தொத்தோரே கூப்பிட்டார். ஃப்ரான்செஸ்கோவும் நின்றான். மேசையில் என்னுடைய கடுதாசி, கசங்கி, கோப்பிக் கறையோடு. ழாக்லின்தான் குப்பையிலிருந்து எடுத்துக் குடுத்திருக்கிறாள்.

"உனக்கு இது எப்படித் தெரியும்?"

"மெசினில் பார்த்தேன்."

"ஆருடைய பேரில் உள்ளே போனாய்?"

இவர் என்று சொன்னால் தொத்தோரேக்கு விளங்காது. என்ர மனுசன் என்று சொல்லியிருக்கலாம். வாய்க்குள் அதுதான் வந்தது. ஆனால் அந்தக் கடிதம் நினைவு வந்தது. துப்புரவு வேலை, நேர்மையானவர். இந்த அறையில் ஒருக்காலாவது இவருடைய பேர் முழுசாய்க் கேட்கட்டும்.

"மகேந்திரராசா" என்றேன்.

ஐயோ. சொல்லிப்போட்டன். பத்தொன்பது வருசம்... இடி ஒண்டும் விழேல்லை. இன்னொருக்கால் சொன்னன். "மகேந்திரராசா. ஜெனோவாவுக்குத் தெரிஞ்ச ஆள் அவர்தான். உங்களுக்குத்தான் தெரியேல்லை."

தொத்தோரேக்கு முகம் சிவந்தது. அந்தப் பேரை மெசினிலிருந்து அழிக்கச் சொல்கிறேன், இனித் தொட்டால் வேலை இல்லை என்றார். பிறகு, கதவடியில், குரலைக் குறைத்து: "அந்த யன்னலை ஃப்ரான்செஸ்கோவுக்கு வைத்துக் குடுப்பாயோ?"

"மாட்டன்" என்றேன். "வைச்சுக் குடுத்திட்டுத் துடைக்கப் போகமாட்டன். கதிரையைத் தந்தால் வைப்பன்."

29.3.94

இவருடைய பேரை அழித்துவிட்டார்கள். மத்தியானம் அமத்திப் பார்த்தேன். அப்படி ஒருத்தர் இல்லை என்று காட்டுகிறது. இரண்டாம் தரம் சாகிறார்.

கொப்பி இருக்குத்தானே. இருபத்தாறாம் பக்கம். பதினெட்டு, ஆறு. ஒரு வரி கூட மாற விடமாட்டன்.

8.4.94

ஃப்ரான்செஸ்கோ கொப்பியைக் கேட்டான். முதல் பணிவாய், பிறகு பேப்பர் அறைக் கதவை மறித்துக்கொண்டு. குடுத்தேன். திறந்து பார்த்தான், எல்லாம் தமிழ். "இது என்ன, பின்னல் வேலையோ?" என்று திருப்பித் தந்தான். இடைக்கிடை இங்கிலிஸ் எழுத்து இருக்கத்தான் செய்தது. எது எதுக்கு என்று தெரியவேண்டாமோ.

14.4.94

வருசம் பிறந்திருக்காம். எனக்கில்லை.

20.4.94

அவன் கீழ் யன்னல் ஒன்று வைத்துவிட்டான். மேல் யன்னலுக்குமேல் ஏற்றி. கப்பல் பேர் தெரியுது, மேடை இலக்கம் தெரியேல்லை. துடைத்துக்கொண்டு பார்த்தேன்.  சிரிப்பை அடக்க வாளித் தண்ணியை இரண்டு தரம் மாற்றினேன்.

28.4.94

மூன்றாம் பிழை. இந்த முறை மீன் பெட்டி. தொத்தோரே கத்தினது வுச்சீரியாச் சந்தை வரைக்கும் கேட்டிருக்கும்.

3.5.94

தொத்தோரே என்னை இருக்கச் சொன்னார். அவருடைய அறையில் இருந்தது இதுதான் முதல் தரம். சம்பளக் கடுதாசியில் வேலையின் பேரை மாற்றுகிறேன் என்றார். என்னுடையதை. "இவருடையதையும்" என்றேன். எது என்றார். "மகேந்திரராசாவின்ர கடிதத்தையும். நாலு வருசம்."

  பிறகு பேனையை எடுத்தார்.

9.5.94 திங்கள்

புதுப் பேர் தந்தார்கள். NAGAPUSA. எட்டு எழுத்துக்குமேல் இடமில்லை, "ணி" வெளியில் நிற்கிறது. நிற்கட்டும்.

கொப்பியை விரித்து வைத்து மேல் யன்னல் பதினெட்டு, கீழ் யன்னல் ஆறு என்று அமத்தினேன். அச்சு அசல் இவருடையது. ஒரு மணித்தியாலம் இருந்து பார்த்தேன். செய்தி வந்து ஓடுகிறது, ழாக்லின் பழக்கின எழுத்தைக் கூட்டிக் கூட்டி நான் இரண்டாம் சொல்லில் நிற்கும்போதே மேலே ஏறிப் போகிறது. இவருடைய கண் கெதியாய் ஓடும். என்னுடையது அப்படி இல்லை.

கொஞ்சநேரம் விரலை மடியில் வைத்திருந்தேன். பிறகு மாற்றினேன். மேலே பதினாலு, கீழே பத்து.

ஜெனோவாவுக்கு முதல் செய்தி நானே அனுப்பினேன், ழாக்லின் சொல்லச் சொல்ல. மகேந்திரா ஜனவரி பத்தொன்பது இறந்துவிட்டார். நான் அவர் மனைவி. இனி நான்.

பத்து நிமிசம் ஒன்றும் வரவில்லை. பிறகு கீழ் யன்னலில் வந்தது, ஏழு வரி. ஆறு வைத்திருந்தால் ஒன்று மறைந்திருக்கும். முழுக்க விளங்கவில்லை, இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

துடைக்கப் புது ஆள் வரும்வரை ழாக்லின்தான் கீழ்மாடிக்கும். பின்னேரம் தடியோடு வந்து நின்றாள். "காலைத் தூக்குங்கோ சிஞோரா."

தூக்கினேன்.