மழை மேகங்களைக் கொண்டுபோன அண்ணன்

என் செல்லத் தங்கச்சி சுகந்திக்கு,

ஊர்ப் புதினம் சொல்லாமல் தொடங்கினால் உனக்குக் கோபம் வரும். முரசுமோட்டையில் விதைப்பு முடிந்துவிட்டது. மழை இந்த முறை பிந்தித்தான் வந்தது. இரணைமடுக் குளத்தில் கொஞ்சம் தண்ணீர் கிடக்கிறது என்ற தைரியத்தில் விதைத்துவிட்டு எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். உன் அண்ணி சுகமாக இருக்கிறாள். என்னோடுதான் சரியாகக் கதைப்பதில்லை. ஏன் என்று கேட்கிறாயா?

அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாலு பேர் வாசிக்கிற இடத்தில் எழுதினால்தான் நடுவில் ஒன்றையும் மறைக்க மாட்டேன் என்று பட்டது.

ஆசிரியர் நியமனம் கிடைத்துப் பண்டாரவளைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போகும்வரை நீ ஒரு மலையைக் கண்டதில்லை. வயலும் வானமும் ஒரே மட்டத்தில் கிடக்கிற ஊரில் வளர்ந்தவள். போன முதல் கிழமையே போன் எடுத்தாய்.

"அண்ணா, இஞ்ச மேகம் எங்களுக்குக் கீழ கிடக்கு. நாங்கள் மேல நிண்டு பாக்கிறம்!"

"அப்ப மழை மேல் நோக்கியோ பெய்யும்?" என்று கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் காலையில், பள்ளிக்கூட மணி அடிக்க முன்னம், உன்னிடமிருந்து ஒரு படம் வரும். கூடவே ஒரு கேள்வியும் வரும். "பாத்தனீங்களோ அண்ணா?" நான் கட்டைவிரலைக் காட்டும் அடையாளத்தைப் போட்டுவிட்டு வாய்க்கால் பார்க்கப் போய்விடுவேன். படத்தைத் திறந்து பார்த்ததில்லை, சுகந்தி. பல்லைக் கடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். போன் நிறைந்துபோனால் முதலில் உன் மேகங்களைத்தான் அழிப்பேன். நெல்லு வெட்டும் மெசின் வீடியோ, அரசியல்காரரின் வாய்ச்சண்டை, யாரோ சேற்றில் சறுக்கி விழுகிற பகிடி எல்லாம் பத்திரமாக இருந்தன. மேகம் நாளைக்கும் வரும்தானே என்று நினைத்தேன்.

நீயோ என்னை நம்பியிருந்தாய். ஒருமுறை லீவில் வந்து நின்றபோது, குசினியில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே சொன்னாய்: "என்ர போனில இடமில்லை அண்ணா. உங்களிட்ட இருக்குத்தானே, நான் அனுப்பின உடன அழிச்சுப்போடுவன்." அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். தேத்தண்ணி நல்லாயிருக்கு என்றேன்.

பிறகு காய்ச்சலோடு வந்தாய். திரும்பிப் போகவில்லை.

உன் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு, உன்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த மேரி டீச்சர் அவ்வளவு தூரம் பஸ் மாறி மாறி வந்தார். சாப்பாடு முடிந்த பிறகு பந்தலில் என்னைத் தேடி வந்தார்.

"அண்ணே, காலையில புடிக்கிற படமெல்லாம் எங்க அண்ணனுக்குத்தான்னு சொல்லுவாங்க. எங்க யாருக்கும் அனுப்ப மாட்டாங்க. அவங்க போய் வருசம் திரும்புறப்ப அத ஸ்கூல்ல மாட்டி வைக்கணும்னு புள்ளைங்க ஆசப்படுதுங்க. கொண்டாந்து தருவீங்களா?"

சொந்தக்காரர் எல்லாரும் சுற்றி இருந்தார்கள். "ஓம் டீச்சர், எல்லாம் பத்திரமா இருக்கு" என்றேன். வாய் கூசவில்லை. மேரி டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு நன்றி சொன்னார்.

அதற்குப் பிறகு போன் திருத்துகிற கடைகள் எல்லாம் ஏறி இறங்கினேன். "இதில ஒண்டும் மிச்சமில்லை அண்ணை" என்று எல்லாரும் கையை விரித்தார்கள். மேரி டீச்சருக்கு ஒரு போன் எடுத்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். நம்பரை எடுப்பேன், பார்ப்பேன், வைத்துவிடுவேன். வருசம் திரும்புகிற நேரம் நெருங்கிவிட்டது.

கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? கிளிநொச்சியில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். "மலைக்கு மேல மேகம் நிக்கிற படமாப் பாத்து எடுத்துத் தாரும் தம்பி" என்றேன். கம்பியூட்டரில் எந்தெந்த நாட்டு மலைகளோ வந்தன. பொறுக்குகிற வேலையை நானே செய்தேன். வயல் செய்கிற கமக்காரனுக்கு நல்ல மேகம் எது என்று தெரியாதா? கறுத்து, வயிறு தொங்கி, இப்ப விழுமோ பிறகு விழுமோ என்று நின்ற மேகங்களாய்ப் பார்த்துப் பார்த்து எடுத்தேன். பெரிதாக அடித்து உறையில் போட்டுத் தந்தான்.

"ஆர் எடுத்த படங்கள் இது?" என்று அண்ணி கேட்டாள்.

"சுகந்தியின்ரதான்."

அவள் உறையை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நீ எடுத்த படங்களை அண்ணி என் போனில் எடுத்துப் பார்ப்பாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் அவற்றைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

அப்படியும் நான் உன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மேரி டீச்சரும் பிள்ளைகளும் வாசலில் நின்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். உன் வகுப்புச் சுவரில் வரிசையாகப் படங்களை மாட்டினார்கள். பிள்ளைகள் ஆசையாக ஓடி வந்தார்கள், பார்த்தார்கள், பிறகு ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். ஒரு குட்டிப் பிள்ளை மேரி டீச்சரின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. முன்னுக்கு நின்ற ஒரு பெண்பிள்ளை மட்டும் என்னை நேரே பார்த்தாள்.

"சார், இது டீச்சர் எடுத்தது இல்ல."

"ஏன் பிள்ளை அப்பிடிச் சொல்லுறீர்?"

"இப்புடிக் கறுத்துக்கிட்டு வந்தா டீச்சர் போன உள்ள வச்சிருவாங்க சார். எங்க லயத்து வீடுகளுக்குப் பின்னால மண்ணு சரிஞ்சு வரும். எங்க எல்லாரையும் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க."

நான் வருசம் முழுக்கக் கும்பிட்டுக் காத்திருக்கிற மேகம் அந்தப் பிள்ளைகளை இரவில் படுக்க விடாத மேகம். அதை அவர்களுடைய சுவர் முழுக்க மாட்டி வைத்துவிட்டு, பாராட்டுவார்கள் என்று கைகட்டி நின்றிருக்கிறேன். ஒரே ஒரு காலை உன் படத்தைத் திறந்து பார்த்திருந்தால்கூட இந்தப் பிழை வந்திருக்காது.

"பிள்ளை சொல்லுறது சரி" என்றேன். "இது உங்கட டீச்சர் எடுத்ததில்லை. அவா அனுப்பினதையெல்லாம் நான் அழிச்சுப்போட்டன். பாக்கவும் இல்லை."

மேரி டீச்சர் ஒரு கதிரையை இழுத்துச் சுவரோரம் வைத்தார். ஏசியிருந்தால் தேவலை. நானே கதிரையில் ஏறிப் படங்களைக் கழற்றினேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கழற்றி முடித்து இறங்கியபோது அந்தப் பெண்பிள்ளை பக்கத்தில் வந்தாள்.

"அப்ப அந்தப் படமும் இல்லையா சார்?"

"எந்தப் படம்?"

"காலையில மேகமெல்லாம் பள்ளத்துல கெடக்கும், ஓரத்துல மட்டும் செவப்பா இருக்கும். நீங்க அதுக்கு இதயம் போட்டிருந்தீங்கல்ல? டீச்சர் அன்னிக்கு எங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் வந்து போனக் காட்டினாங்க. எங்க அண்ணனுக்கு இது ரொம்பப் புடிச்சிருக்குன்னு."

எனக்கு அப்படி ஒரு படம் ஞாபகத்தில் இல்லை, சுகந்தி. கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இதயம் இருக்கும். கை தவறிப் பட்டிருக்கும்.

அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றையும் ஒத்துக்கொண்ட நான் அதை மட்டும் விழுங்கிக்கொண்டு, "ஓம் பிள்ளை, அது நல்ல வடிவான படம்" என்றேன். அவள் சிரித்தாள். நீ வகுப்பு முழுக்கக் காட்டித் திரிந்த அந்தச் சந்தோசம் என் கை தவறியதால் வந்தது. உனக்காவது உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

வருகிற வருசமும் அங்கே போவேன். விடியமுன்னம் போய் உன் பள்ளத்துக்கு மேலே நின்று, ஓரம் சிவக்கும்வரை கண் எடுக்காமல் பார்ப்பேன். அது ஒருநாள் எனக்கு உண்மையாகவே பிடித்துப்போன பிறகு, அந்தப் பிள்ளையிடம் போய் மிச்சத்தையும் சொல்லுவேன்.

இப்படிக்கு,
நீ நம்பியிருந்த உன் பெரியண்ணன்