பிரிக்காத பெட்டி

மார்ச் 4
லேபுக்குப் புது டெஸ்ட் பெட்டி வந்திருக்கிறது. குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலா என்று பார்க்க. ஸ்ட்ரிப்பில் முதுகுத்தண்டு நீர் ஒரு சொட்டு விட்டால் பத்து நிமிடத்தில் நிறம் மாறுமாம். விலையும் ஒரு டீக்காசுதான். கூடவே ஒரு கத்தை படிவம் — ஒவ்வொரு டெஸ்டுக்கும் நாலு பக்கம். இருக்கிற வேலையே தலைக்கு மேல். பீரோவின் மேல்தட்டில் போட்டுவிட்டேன். அப்புறம் பார்க்கலாம்.

மார்ச் 11
இவருக்குப் பல்வலி. வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. நிம்மதி.

மார்ச் 19
காய்ச்சலோடு நாலு வயதுப் பெண் குழந்தை. ரத்தம் எடுத்தபோது அழவில்லை. "இவ்ளோ எடுத்தா எனக்கு மிச்சம் இருக்குமா?" என்று கேட்டாள். வாயாடி!

மதியம் வாந்தி. டாக்டருக்கு ஏதோ சந்தேகம், முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார். எங்கள் மைக்ராஸ்கோப் ரிப்பேருக்குப் போயிருக்கிறது. சாம்பிளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் இரண்டு நாள் ஆகும்.

"ஏம்மா, புது ஸ்ட்ரிப் வந்துச்சே, அதுல பார்க்கலாமா?"

"அதை நம்ப முடியாது டாக்டர். சரியா வராது."

"சரி, ரிசல்ட் வரட்டும். பார்த்தா சாதாரணக் காய்ச்சல் மாதிரிதான் இருக்கு."

அந்தப் பெட்டியை நான் பிரிக்கவே இல்லை.

மார்ச் 20
காலையில் வாயாடிக்கு வலிப்பு. ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் டாக்டர் மருந்தை ஏற்ற ஆரம்பித்துவிட்டார்.

மார்ச் 21
ரிசல்ட் வந்தது. மூளைக்காய்ச்சலேதான்.

எல்லோரும் சாப்பிடப் போனதும் பெட்டியை இறக்கினேன். அவளுடைய சாம்பிளில் மிச்சம் ஃப்ரிட்ஜில் இருந்தது. ஒரு சொட்டு விட்டேன். ஆறாவது நிமிடமே கரும் ஊதா.

ஆறு நிமிஷம். ஆறே நிமிஷம்டி! என்ன பண்ணித் தொலைச்சே நீ?

ஏப்ரல் 2
பிழைத்துவிட்டாள். காது இரண்டும் போய்விட்டது. வார்டு நர்ஸ் சொன்னாள்: "ஏன் எல்லாரும் சும்மா வாயை மட்டும் அசைக்கிறீங்கன்னு கேக்குறா. கத்திக் கத்திக் கேக்குறா."

ஏப்ரல் 3
இவரிடம் சொன்னேன். "ஒரு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா மட்டும் காது தப்பிச்சிருக்கும்னு யாரு கண்டா?" என்றார்.

யாரு கண்டா. இனிமேல் யாருக்குமே தெரியப்போவதில்லை. அதுதான் அரிக்கிறது.

ஏப்ரல் 9
டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். "நான் மட்டும் என்ன? நீ சொன்னதைக் கேட்டுட்டு சும்மா இருந்தேனே" என்றார்.

இன்று வாயாடியும் அவள் அம்மாவும் வீட்டுக்குப் போகிற நாள். வார்டுக்குப் போய் அந்தத் தாயிடமும் சொன்னேன். அன்றைக்கே கண்டுபிடித்திருக்கலாம், சோம்பேறித்தனத்தில் பொய் சொல்லிவிட்டேன் என்று. அடிப்பாள் என்றுதான் நின்றேன்.

"அந்த டெஸ்டுக்கு ரொம்பச் செலவாகுமா?" என்றாள்.

"இல்லம்மா. ஒரு டீக்காசு."

குழந்தையையும் பையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஏப்ரல் 10
ஸ்ட்ரிப் பெட்டியையும் படிவக் கத்தையையும் மேசைமேல் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன்.

ஜூலை 15
எட்டு மாதக் கைக்குழந்தை. சாம்பிளை ஸ்ட்ரிப்பில் விட்ட ஏழாவது நிமிடம் டாக்டருக்குப் போன் செய்தேன். உடனே மருந்து ஏறியது. சாயங்காலம் பால் குடித்ததாம். அந்தக் குழந்தையின் அப்பா யார் யாருக்கோ கைகூப்பிக்கொண்டிருந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. அதுவும் நல்லதுதான்.

திரும்பும்போது காது டாக்டர் அறைக்கு வெளியே வாயாடியும் அவள் அம்மாவும். குழந்தை என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நானும் கையைத் தூக்கினேன். அதற்குள் அம்மா அவளை மடியில் இழுத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்காரவைத்தாள்.

தூக்கின கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.