ஹம்சவேணியின் கார்டு

மதுரை
5.3.2004

அன்புத் தம்பி அழகுமலைக்கு,

ஹரிநாராயணன் எழுதுவது. தபாலில் போட்டால் யார் பிரிப்பார்களோ என்று, உங்கள் ஊர்ப் பக்கம் வரும் நம் பையன் மொக்கையனிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

செப்டம்பரிலேயே நீ ரத்தம் சோதிக்க வந்திருக்க வேண்டும். இரண்டு கார்டு போட்டேன். ஆளையும் காணோம், பதிலையும் காணோம். ஆணை விரும்பும் நம் பையன்களுக்கு எய்ட்ஸ் கிருமி தொற்றாமல் காப்பதற்குத்தான் இந்த அறையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து போவதற்கு உனக்கு என்ன கேடு?

கார்டில் ஹம்சவேணி என்று கையெழுத்துப் போடச் சொன்னவனே நீதான். "ஆம்பள பேர்ல வந்தா வீட்ல தோண்டித் துருவுவாங்கண்ணே. பொம்பள பேர்னா எங்கப்பா மீசையத் தடவிக்கிட்டுச் சும்மா இருந்துருவாரு" என்றாய். என் அக்கா பெயரைத்தான் போட்டேன். அவளுக்குத் தெரிந்தால் விளக்குமாற்றை எடுப்பாள்.

சாய்பிரசாத்தைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். பதினோரு வருஷம் என்னோடு இருந்தவன். ஊருக்கெல்லாம் ஞாபகப்படுத்திய நான், அவனை மட்டும் "நாளைக்குப் பார்ப்போம்" என்று விட்டுவிட்டேன். தொண்ணூற்றெட்டில் இதே நோயில் செத்துப் போய்விட்டான். கூப்பிட்ட பிறகும் எவனாவது வராமல் இருந்தால் சாய் வந்து கதவருகே நிற்கிறான். உள்ளேயும் வர மாட்டான், போகவும் மாட்டான். உனக்காக ஆறு மாதமாக நிற்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறதடா.

உன் அண்ணன்
ஹரி


சோழவந்தான்
19.3.2004

ஹரி அண்ணனுக்கு அழகுமலை எழுதிக்கொண்டது.

உங்க கார்டுதாண்ணே எனக்குக் கால்கட்டுப் போட்டது. ரெண்டாவது கார்டு அப்பா கையில சிக்கிருச்சு. "வியாழக்கிழமை வரவும். காத்திருக்கிறேன். ஹம்சவேணி"ன்னு இருந்தா யாருக்குத்தான் சந்தேகம் வராது? பேரைப் பார்த்தே சௌராஷ்டிராப் பிள்ளைன்னு முடிவு பண்ணிட்டாங்க. ஓடிப்போயிருவேன்னு அம்மா ரெண்டு நாள் சாப்பிடலை. தை மாசமே தாய்மாமன் மக சோலையம்மாளைக் கட்டி வச்சுட்டாங்க. நாம ஒண்ணு நினைக்க, இப்படி ஆயிப்போச்சு.

அவ நல்ல புள்ளண்ணே. அதான் நெஞ்சை அறுக்குது. இனி நான் குடும்பஸ்தன், எனக்கு எதுக்கு டெஸ்ட்டு? பழசையெல்லாம் விட்டாச்சு. வெத்தலை லோடு ஏத்திக்கிட்டுச் சமயநல்லூர் பக்கம் போற அன்னிக்கு மட்டும் எப்பவாச்சும் மனசு கேக்காது. அம்புட்டுத்தான்.

இனி கார்டு போடாதீங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்னு சாய் அண்ணன்கிட்டயும் சொல்லிருங்க.

அழகுமலை


மதுரை
20.4.2004

தம்பி,

இதையும் மொக்கையனிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். உன் கல்யாணத்தை முடித்து வைத்தது என் கையெழுத்து என்று தெரிந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னிடமும், நான் முகம் பார்த்திராத அந்தப் பெண்ணிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் "விட்டாச்சு" என்று எழுதிய அதே தாளில் சமயநல்லூரையும் எழுதுகிறாயே, யாரடா ஏமாற்றுகிறாய்? தாலி என்ன தடுப்பூசியா? எங்கே போனாலும் ஆணுறை இல்லாமல் இருக்காதே. சோதித்து முடிவு தெரியும்வரை வீட்டிலும் அப்படித்தான். முன்பு உன் ஒரு உயிர். இப்போது அவளும் இருக்கிறாள்.

அழகர் ஆற்றில் இறங்கும் அன்று வா. ஊரே மதுரைக்குக் கிளம்பும், உன்னை எவனும் ஏன் என்று கேட்க மாட்டான். நான் அறையைத் திறந்து வைத்திருப்பேன்.

ஹரி


மதுரை
29.7.2004

வியாழக்கிழமை வரவும். காத்திருக்கிறேன்.

ஹம்சவேணி


சோழவந்தான்
9.8.2004

ஹம்சவேணி அவர்களுக்கு, அழகுமலை மனைவி சோலையம்மாள் எழுதுவது.

உங்க கார்டு என் கையில கிடைச்சது. அதுல இருந்த விலாசத்துக்கு நாலு வார்த்தை நறுக்குன்னு ஏசி எழுதணும்னுதான் பேனாவை எடுத்தேன். வந்த நாள்லருந்து உங்க பேரைச் சொல்லித்தான் மாமியார் என்னை அவருக்குக் காவல் வச்சிருக்காங்க. அழகர் ஆத்துல இறங்குன அன்னிக்கு, "மதுரை வரைக்கும் போயிட்டு வாரேன்"னு சட்டையை மாட்டுனாரு. நான்தான் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டேன். அவர் கதவுகிட்டயே ரொம்ப நேரம் நின்னாரு.

எனக்கு இப்ப மூணு மாசம். அவருக்கு இருபது நாளாக் காய்ச்சல் விட்டு விட்டு அடிக்குது. முந்தாநாள் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "வாசல்ல சாய் நிக்கிறாரு, உள்ள வரச் சொல்லு"ன்னாரு. போய்ப் பார்த்தேன், யாரும் இல்லை. ஆனாலும் கதவைச் சாத்த மனசு வரலை. அப்புறம் உங்களைக் கூப்பிட்டாரு. "ஹம்சவேணி அண்ணே, கோவிச்சுக்காதீங்க, வந்துர்றேன்"னாரு.

திரும்பவும் கேட்டுப் பார்த்தேன். அண்ணேன்னுதான் சொன்னாரு.

நீங்க யாரு, அவரை எதுக்குக் கூப்பிடுறீங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா இம்புட்டு நாளா ஒருத்தர் விடாம கூப்பிட்டா அது அவர் நல்லதுக்குத்தான்னு இப்ப தோணுது. அன்னிக்கு நான் கதவைப் பூட்டுனது தப்புத்தான். வார வியாழக்கிழமை நானே அவரைக் கூட்டிக்கிட்டு வாரேன். என்னையும் பார்க்கணும்னா பாருங்க.

காத்திருங்கண்ணே.

உங்க தங்கச்சி
சோலையம்மாள்