திருப்பிக் கொடுத்த மருந்துப் பானை

ஃபோஷான்,
ஞாயிறு மதியம்

என் செல்ல மகளே,

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். இன்று உன் அம்மா என்னைத் திட்டினாள்! தெருவே கேட்கும்படி திட்டினாள்!

மூன்றாவது கீமோவுக்குப் பிறகு ஒன்பது நாளாக அவள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. குமட்டலுக்கு மூலிகை வைத்தியர் எழுதித் தந்த கஷாயத்தை, புற்றுநோய் டாக்டரிடமும் கேட்டுக்கொண்டு, கீழ்வீட்டு மாக் அம்மாளின் மண்பானையில்தான் காய்ச்சிவந்தேன். இன்று புதுப் பானை வாங்கியதும், அவருடையதை நன்றாகத் தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஐயோ அண்ணே! மருந்துப் பானையை யாராவது திருப்பித் தருவாங்களா? நோயையும் சேர்த்து என் வாசல்ல வைக்கிறீங்களே! எனக்கு வேணும்னா நானே வந்து எடுத்துக்க மாட்டேனா?"

உன் அம்மா படுக்கும்வரை அடுக்களைப் பக்கமே போகாத எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

பின்னால் செருப்புச் சத்தம். திரும்பினால் உன் அம்மா! சுவரைப் பிடித்தபடி மூன்று மாடி இறங்கி வந்திருந்தாள்.

"முப்பது வருஷம் என்னோட குப்பை கொட்டியும் இதுகூடத் தெரியலையா, மனுஷா? குடு இப்படி!"

பானையோடு மேலே வந்ததும் பசிக்கிறது என்றாள். ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தாள். முழுக் கிண்ணம்!

வெள்ளிக்கிழமை டாக்டர் என்னிடம் சொன்னதை நீ வந்தபின் பேசலாம். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது.

காலிக் கிண்ணத்தை என்னிடம் நீட்டியபோது மட்டும், "எனக்கப்புறமும் அந்தப் பானையைக் கொண்டுபோய்க் குடுத்துடாதே" என்றாள்.

நான் இன்னும் கொஞ்சம் கஞ்சி எடுத்துவரப் போனேன்.

சீக்கிரம் வா.

வயிறு நிறையத் திட்டு வாங்கிய
உன் அப்பா