சொல்லை எடுத்துக் கொடுக்கலாமா?

அன்புள்ள தேவகி மச்சாளுக்கு,

ஒருவர் ஆங்கிலம் பேசும்போது வினைச்சொல்லில் வந்து தடுக்கி நிற்கிறார். நாம் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டுமா, அவர் தேடி எடுக்கும்வரை பேசாமல் இருக்க வேண்டுமா? நீங்கள் இருந்தபோது இதைப் பற்றி எத்தனையோ தடவை வாதாடினோம். அப்போதும் எனக்கு விடை தெரியாது. இப்போதும் தெரியாது.

இறந்தவர்களுக்குக் கடிதம் போய்ச் சேரும் என்று நான் நம்புவதில்லை. அது உங்களுக்கும் தெரியும். உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு அச்சடிக்கும் மலரில் நானும் எழுத வேண்டும் என்று உங்கள் தம்பி சொன்னார். "கவிதை ஒண்டும் வேண்டாம். இஞ்ச என்ன நடக்குது எண்டு அக்காவுக்கு எழுது, காணும்" என்றார். கணவர்மாரின் யோசனைகளில் இது பரவாயில்லை.

நீங்கள் நடத்திய ஆங்கில வகுப்பு நிற்கவில்லை. வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், சாப்பாட்டுக் கடைக்கு மேலே, அதே அறை. வேறு ஆள் கிடைக்கும்வரை பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் ஒப்புக்கொண்டேன். ஒருவரும் கிடைக்கவில்லை, ஒருவரும் தேடியதாகவும் தெரியவில்லை. சனிக்கிழமைகளில் ரெயினில் நீங்கள் இருந்த பக்கத்து இருக்கையில் இப்போது என் பையை வைக்கிறேன். பையை எங்காவது வைக்கத்தானே வேண்டும்.

நீங்கள் ஒரு கதிரையை நடுவில் போட்டு, வந்தவரை அதில் இருத்தி, நேற்று என்ன செய்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்பீர்கள். அவர் 'யெஸ்டர்டே ஐ கோ ஷொப்' என்பார். நீங்கள் தலையாட்டிவிட்டு, அங்கே என்ன வாங்கினீர்கள் என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுவீர்கள். உங்களோடு துணைக்கு வந்து பின்னால் இருக்கும் எனக்குப் பல் கூசும். ஏன் திருத்துவதில்லை என்று ஒருநாள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் கேட்டேன்.

"வசந்தா, நீ ஆள் சொல்லுறதைக் கேக்கிறியோ, வினைச்சொல்லைக் கேக்கிறியோ?"

இரண்டையும்தான் என்றேன்.

"அப்ப உனக்கு ரண்டு காதும் நிரம்பிப் போயிருக்கும், பாவம்" என்று சிரித்தீர்கள்.

நான் பொறுப்பெடுத்த முதல் கிழமையே ஆங்கில வினையின் பன்னிரண்டு காலங்களையும் கட்டம் போட்டு வெண்பலகையில் எழுதினேன். ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். கட்டம் இல்லாமல் எனக்கு எதுவும் விளங்காது. படிக்க வருகிற நடராசா அண்ணைக்குப் பெரிய சந்தோஷம். ஊரில் தபாற்கந்தோரில் இருந்தவர் அல்லவா, எல்லாவற்றையும் பெயரோடும் உதாரணத்தோடும் ஒப்புவித்தார். பிறகு அவரே சொன்னார்: "பிள்ளை, பன்னிரண்டும் எனக்குத் தண்ணிபட்ட பாடு. ஆனா பஸ் றைவர் சுகம் விசாரிச்சு 'ஹவ் யூ கோயிங்' எண்டால் நான் டிக்கெட்டைத்தான் காட்டுறனான்." வகுப்பே சிரித்தது.

இனி சுகந்தி விஷயம். உங்களுக்கு அவளைத் தெரியும். இதை வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பரமட்டாவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறாள். வேலைமுறை மாறும்போது, ஒவ்வொரு முதியவரும் எப்படி இருக்கிறார் என்று அடுத்து வருகிறவர்களிடம் வாயால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஹாண்டோவர் என்கிறார்கள். இதுவரை கூட வேலை செய்த பெண் அவளுக்காகவும் சேர்த்துச் சொல்லிவந்தாள். அந்தப் பெண் மெல்பேர்னுக்குப் போய்விட்டாள். இந்த ஞாயிறு சுகந்தி தனியாகச் சொல்ல வேண்டும். சரிவராவிட்டால் லோன்றியில் துணி தோய்க்கப் போக வேண்டியதுதான் என்று இன்சார்ஜ் சொல்லிவிட்டார்.

"தோய்க்கிறது குறைஞ்ச வேலை எண்டு சொல்லேல்லை, ரீச்சர். ஆனா அந்தச் சனத்தை விட்டிட்டு என்னால இருக்கேலாது" என்றாள்.

இன்று வகுப்பில் ஒத்திகைக்கு நான் இன்சார்ஜாக நடித்தேன். இல்லத்து முதியவர் ஒருவரைப் பற்றி, 'மிசிஸ் ஹெலன் ஈட்' என்று தொடங்கினாள். "ஈட்டா, ஏட்டா, ஹாஸ் ஈட்டனா?" என்றேன். மறுபடி தொடங்கினாள். மறுபடி நிறுத்தினேன். அடுத்த தடவை அவள் வாயே திறக்கவில்லை.

பிறகு தமிழில் சொன்னாள்: "தேவகி அக்கா இருக்கேக்க நான் பிழையாக் கதைச்சனான், ரீச்சர். இப்ப கதைக்கிறதேயில்லை. வினையைப் பிடிக்கப் போனால் ஹெலன் மறந்துபோறா."

"அப்ப ஹெலனையும் கட்டத்துக்குள்ள போடுங்கோ, பிள்ளை" என்றார் நடராசா அண்ணை. இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

நீங்கள் வென்றுவிட்டீர்கள் என்று எழுதுவேன் என எதிர்பார்க்க வேண்டாம், மச்சாள். ஹெலனுக்கு நீரிழிவு. ஒரு வேளைச் சாப்பாடு தவறினால் மயங்கி விழக்கூடியவர். அவர் சாப்பிட்டாரா, இனிமேல்தான் சாப்பிட வேண்டுமா என்பது பரிவால் தீர்கிற கேள்வி இல்லை. அங்கே தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போக முடியுமா? இதற்கு என்ன சொல்லியிருப்பீர்கள்?

முதலில் தமிழில் சொல்லுங்கள் என்றேன். சுகந்தி தயங்கவில்லை. ஒருவர் சாப்பிட்டிட்டார், ஒருவர் இப்பதான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், இன்னொருவருக்கு இனித்தான் சாப்பாடு தீத்த வேணும். முடிந்தது, நடப்பது, வரப்போவது: ஒன்றிலும் பிசகில்லை. அதே ஒழுங்கில் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லிவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவள் நின்ற இடங்களில் நானும் நின்றேன். கீழே கொத்துரொட்டி கொத்தும் சத்தம் கேட்டது. சொல் வந்தது, சில இடங்களில் பிழையாக வந்தது. ஆனாலும் எது முடிந்தது, எது மிச்சம் என்று எனக்கு விளங்கியது. ஹெலன் சாப்பிட்டாரா இல்லையா என்பது மட்டும் ஒவ்வொரு தரமும் மாறிப்போனது.

நேரம் முடிந்துவிட்டது. "போட்டு வாறன், ரீச்சர்" என்று போனாள். நாளை நல்லபடி நடக்கும் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எனக்கு எப்படித் தெரியும்?

ஞாயிறு மாலை இதைச் சேர்க்கிறேன். சுகந்தி போன் எடுத்தாள். மத்தியானம் ஹெலன் சாப்பிட மறுத்துவிட்டாராம்; பிறகு கொடுக்கலாம் என்று தட்டை எடுத்து வைத்திருக்கிறாள். ஹாண்டோவரில் அந்த இடம் வந்ததும் நின்றுவிட்டாள். இன்சார்ஜ் உதவி செய்ய நினைத்து, 'ஷீ ஹாஸ் ஈட்டன்?' என்று எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போகப் பார்த்திருக்கிறார்.

"தலையாட்டியிருந்தால் அதோட முடிஞ்சிருக்கும், ரீச்சர். நான் 'நோ, வெயிட் பிளீஸ்' எண்டனான். எல்லாரும் என்னையே பாத்துக்கொண்டு நிண்டவை. பிறகு சொன்னனான்: 'ஷீ டிட் நொட் ஏட். யூ கிவ் நௌ.'"

உடனே சாப்பாடு போனது. ஹெலன் கஸ்டர்டை மட்டும் சாப்பிட்டார். வரும் கிழமையும் சுகந்திக்கு அதே மாடியில், அதே ஆட்களோடுதான் வேலை.

'டிட் நொட்'டுக்குப் பிறகு 'ஏட்' வராது, 'ஈட்'தான் வரும் என்று நான் போனில் சொல்லவில்லை. சனிக்கிழமை சொல்லுவேன், மச்சாள். அவள் பேசி முடித்த பிறகு. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் தம்பியின் மனைவி,
உங்களோடு இன்னும் முழுதாக ஒத்துப்போகாத மச்சாள்,
வசந்தா