செராமிக் கோட்டிங்கும் சிவப்பு நகப்பூச்சும்

என் வாலுப்பெண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் காரும் நலம், மூவரில் யாருக்குக் கவனிப்பு அதிகம் என்று உனக்கே தெரியும். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனை எடுத்தாலே உன் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், அவரைப் பற்றியே புகார் சொல்ல வேண்டியிருக்கும்போது அது எப்படி முடியும்.

போன மாதம் நீ சும்மா இருக்காமல், காருக்கு செராமிக் கோட்டிங் போடுங்களேன் அப்பா, புதுசு மாதிரி இருக்கும் என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அன்று பிடித்தது சனி. சாப்பிடும்போதும் கோட்டிங் வீடியோ, படுக்கும்போதும் கோட்டிங் வீடியோ. கண்ணாடி போல மெல்லிய பூச்சாம், தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் உருண்டு ஓடுமாம், அழுக்கு ஒட்டாதாம். நான் மட்டும் வேண்டவே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றேன். வெயில் படாத ஷெட்டில் உறைபோட்டு நிற்கிற வண்டிக்கு எதற்கு அலங்காரம் என்று கேட்டேன். அவர் அசரவில்லை.

உண்மையான காரணத்தை உனக்கு மட்டும் சொல்கிறேன். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கிவிட்டேன். தையல் வகுப்பு என்று சொல்லிவிட்டுப் போனதெல்லாம் டிரைவிங் வகுப்புக்குத்தான். என்ன தைத்தாய் என்று ஒருநாள் கேட்டுவிட்டார், கடையில் ஒரு தலையணை உறை வாங்கி வந்து காட்டினேன், தையல் நேர்த்தியாக இருக்கிறதென்று தடவிப் பார்த்தார். அவர் காலையில் பூங்காவுக்கு நடக்கப் போகிற நேரத்தில் நம் காரை எடுத்துக்கொண்டு தெருமுனைவரை போய்த் திரும்புவேன். அந்தச் சில நிமிடங்கள் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. கோட்டிங் போட்டால் அந்த வண்டி லாக்கர் நகை ஆகிவிடும், அப்புறம் அவரிடம் சாவி கேட்க எனக்கு வாய் வருமா. இன்னொரு சங்கடமும் உண்டு. ஒருநாள் திரும்பி உள்ளே விடும்போது பின்கதவு கேட் தூணில் உரசிவிட்டது. கை நீளத்துக்குக் கீறல். நீ டிராயரில் விட்டுப்போன சிவப்பு நகப்பூச்சும் காரின் நிறமும் அக்கா தங்கை மாதிரி இருந்தன. பூசிவிட்டேன். எட்டி நின்று பார்த்தால் தெரியவே தெரியாது, நானே மெச்சிக்கொண்டேன்.

என் பேச்சு எடுபடாமல் சனிக்கிழமை கோட்டிங் கடைக்குப் போனோம். போடலாமா வேண்டாமா என்று வண்டியைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம் என்றார்கள். அங்கே இருந்த மெக்கானிக் ஒரு விளக்கை எடுத்து வண்டியை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பின்கதவில் விளக்கு நின்றது. குனிந்தார், நகத்தால் சுரண்டினார், முகர்ந்துகூடப் பார்த்தார். சார், இதுல யாரோ நெயில் பாலிஷ் போட்டிருக்காங்க என்றார். நான் சுவரில் இருந்த காலண்டரை ஊன்றிப் படித்தேன். உன் அப்பா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கோட்டிங் போட்டபின் வண்டி தூணில் உரசினால் கீறல் விழுமா என்று மட்டும் கேட்டார். விழும் சார், அதை இது தடுக்காது என்றார் அவர். உடனே உன் அப்பா, அப்ப இப்ப வேண்டாம்ப்பா, வீட்டுல ஒருத்தங்க இன்னும் ரிவர்ஸ் பழகிட்டிருக்காங்க என்றார்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு அவரே சொன்னார். தினமும் காலையில் டிரைவர் சீட் முன்னால் நகர்ந்து, பின்னால் பார்க்கிற கண்ணாடி கீழே சாய்ந்து இருக்குமாம், எதுவும் பேசாமல் சரிசெய்துகொள்வாராம். தலையணை உறையில் விலைச்சீட்டைக்கூட நான் கிழிக்கவில்லையாம். ஆயுள் முழுக்கத் தொழிற்சாலையில் தரம் பார்த்தவர், சாமானைக் கண்ணால் பார்த்தே கழித்துக்கட்டுகிறவர், அவரிடம் போய் நான் நகப்பூச்சு வித்தை காட்டியிருக்கிறேன். தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றேன். நீயா சொல்வேன்னு பார்த்தேன், வண்டி கழுவுறப்ப அந்த இடத்துல மட்டும் துணி படாம தண்ணிய ஊத்திக் கழுவினேன், பூசினது போயிட்டா நீ பயந்துடுவியே என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனிதரோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தும் இவரை நான் சரியாகப் படிக்கவில்லையே என்று தோன்றியது. சாவியை என் கையில் வைத்துவிட்டுப் பக்கத்துச் சீட்டில் போய் உட்கார்ந்தார்.

இப்போது தினமும் நான்தான் ஓட்டுகிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறார். மெதுவா, மெதுவா என்பதைத் தவிர வேறு வார்த்தை மறந்துவிட்டது அவருக்கு. கோட்டிங் பேச்சு இப்போதைக்கு ஓய்ந்தது. நீ மறுபடி கிளப்பினால் தெரியும் சேதி. நேற்று, ரிவர்ஸ் எப்படி எடுக்க வேண்டும் என்று நான் காட்டுகிறேன் பார் என்று என்னை இறக்கிவிட்டு அவரே ஸ்டீயரிங்கைப் பிடித்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். அதே கேட், மறுபக்கத் தூண், மறுபக்கக் கதவில் கீறல். இறங்கி வந்து குனிந்து பார்த்தார், தடவினார், அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு என் காதோடு ஒன்று கேட்டார். அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரி கண்விழித்து வேலை செய்யாதே, தலைக்கு எண்ணெய் வை. நீ வரும் நாளைச் சொல், விமான நிலையத்துக்கு நான் வண்டி எடுத்து வருவேன், நீ முன்சீட்டு, அப்பா பின்சீட்டு. எங்கே இருந்தாலும் நீ சிரித்த முகமாக, நிறைந்த மனதாக இருக்க வேண்டும், எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. மறக்காமல் அதே சிவப்பில் இரண்டு பாட்டில் நகப்பூச்சு வாங்கி வா. மீதி இருக்கா என்றுதான் அவர் கேட்டார்.

இப்படிக்கு,
லைசென்ஸ் வைத்திருக்கும் உன் அம்மா