ஒற்றை சீட்

நவம்பர் 12, செவ்வாய்

நான்கு வருடமாகப் பேசாத அண்ணன் இன்று ஏரல் பஸ் ஸ்டாப்பில் கை காட்டினான். பைக்கை நிறுத்தினேன். ஏற வந்தவன் தயங்கி நின்றான்.

"ஏலே, பின் சீட்டு எங்கல?"

"எடுத்தாச்சுண்ணே. ஒத்த சீட்டா மாத்திட்டேன்."

"எவனும் ஏறிரக் கூடாதுன்னே செஞ்சியாக்கும்."

சிரித்தபடிதான் சொன்னான். ஆனால் அதுதான் உண்மை. அம்மாவின் அடக்கத்தன்று அவனோடு சண்டை போட்டேன். அந்த வாரமே பைக்கில் பின் சீட்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை அறுக்கச் சொன்னேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான்.

மாலையில் மெக்கானிக்கிடம் பழையபடி ஆக்கித் தரக் கேட்டேன்.

"ஒட்டிரலாம் அண்ணாச்சி. ஆள் வெயிட்டு தாங்காது" என்றான்.

பைக்கை பஸ் ஸ்டாப்பிலேயே போட்டுவிட்டு நானும் அந்த பஸ்ஸில் ஏறியிருக்கலாம். இப்போதுதான் தோன்றுகிறது.